குளிர் என்று எழுத மறுத்த டாக்டர் வேலாமணி அவர்களுக்கு

தேன்மலைத் தோட்ட மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதுநிலை மருத்துவராய் அரவேணுவில் அரும்பணியாற்றி, இன்று பணிநிறைவு பெறும் தங்களுக்கு உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிக்கும் மடல்.

வணங்கத் தெரிந்தும் வளையத் தெரியாத வல்லுநரே!

தங்கள் ஆய்வைப் பற்றி இம்மடலில் ஒரு வரியும் வேண்டாம், காலந்தவறாமையைப் பற்றிச் சொன்னால் போதும் என்று நிர்வாகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். சொல்லிவிடுகிறோம்: தாங்கள் காலம் தவறியதே இல்லை. இனி ஆய்வைப் பற்றி.

உண்மையை ஊன்றிப் பார்த்த உயர்மதியே!

தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை முகாம் நடக்கும். மருத்துவர் எதிரே அமர்ந்து மெல்லிய குரலில் சில சொற்களைச் சொல்வார். தொழிலாளர் திருப்பிச் சொல்வார். காது நலம் என்று எழுதப்படும். வந்த புதிதில் தாங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். உறைபனி கொட்டிய ஒரு தை மாதம், கட்டபெட்டில் நடந்த முகாமுக்குத் தொண்டைக் கட்டோடு போய், வாயையும் மூக்கையும் மஃப்ளரால் இறுகச் சுற்றிக்கொண்டு பரிசோதித்தீர்கள். ஆண்டுதோறும் தட்டாமல் பதில் சொல்லும் தொழிலாளி வீரம்மா அன்று ஒரு சொல்லையும் திருப்பிச் சொல்லாமல் தங்கள் மஃப்ளரையே பார்த்தார். பிறகு சொன்னார்: "டாக்டரம்மா, நீங்க வாய மூடிக்கிட்டா எனக்கு எப்புடிங்க கேக்கும்?"

அந்தக் கேள்விதான் தங்கள் வாழ்நாள் ஆய்வானது. அரைக்கும் இயந்திரங்களின் பேரிரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காததால், உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியிருந்தார்கள் அந்தத் தொழிலாளர்கள். கேட்கிறது என்று அவர்களும் நம்பினார்கள், நாமும் நம்பினோம். தாங்கள்தான் நம்புவதை நிறுத்தினீர்கள். சண்டை போட்டு ஒலி புகாத அறை ஒன்றைக் கட்டவைத்து, முகம் காட்டாமல் காதை மட்டும் சோதித்தீர்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை தொழிற்சாலை தொழிற்சாலையாய் ஏறி இறங்கினீர்கள். நலம் என்று நாம் எழுதிக் கொடுத்த காதுகளில் பாதிக்குமேல் பழுதுபட்டிருந்தன.

அஞ்சாமையை அணியெனக் கொண்ட அம்மையீர்!

ஆய்வுக் கட்டுரையில் காரணம் 'இயந்திர இரைச்சல்' என்று இருப்பதை எடுத்துவிட்டுக் 'குளிரும் முதுமையும்' என்று போடும்படி நிர்வாகத்தினர் தங்களை அழைத்துக் கேட்டார்கள். தாங்கள் சொன்ன பதில் இன்றும் எங்கள் தேநீர் வேளைகளில் சுற்றி வருகிறது: "குளிருதான் காரணம்னா ஊட்டி முழுக்கச் செவிடா இருக்கோணுமுங்க. நான் மாத்த மாட்டேனுங்க."

மாற்றவில்லை. அதற்காகத் துறைத்தலைவர் பதவி தங்களைத் தாண்டிப் போனது. தங்களிடம் பயின்றவருக்குக் கீழே தங்களை உட்காரவைத்தார்கள். முகம் சுளிக்காமல் உட்கார்ந்தீர்கள். எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. இன்று எத்தனையோ தொழிற்சாலைகளில் காதுக்கவசம் இல்லாமல் இயந்திரக் கூடத்துக்குள் விடுவதில்லை.

ஆனால் ஆய்வு முடியவில்லை. கவசம் போட்டவர்களின் காது தப்புகிறதா என்று ஆண்டுக்காண்டு பார்த்தால்தான் தெரியும். அதற்கு இருப்பது அந்த ஒரே அறை. தாங்கள் படியிறங்கிய மறுநாள் அது மருந்துக் கிடங்காகும் என்று உத்தரவு வந்திருக்கிறது. கிடங்கில் இடம் போதவில்லையாம். இடம் வேண்டுமென்று தாம் கேட்கவே இல்லையே என்கிறார் எங்கள் மருந்தாளுநர்.

இதை அறிந்து தாங்கள் எங்களைக் கூப்பிட்டு, தங்களுக்காக எங்கள் வேலைக்கு வினை தேடிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். மன்னியுங்கள். இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாகத் தங்கள் பேச்சைத் தட்டுகிறோம். தங்களுக்காக மட்டும் இல்லை, நலம் என்று எழுதிக் கொடுத்த கைகளில் எங்கள் கைகளும் உண்டு. மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகப் பெருமக்களுக்குப் பணிவோடு தெரிவிக்கிறோம்: அந்த அறையை நாங்கள் காலி செய்து தரமாட்டோம். வரும் புதன்கிழமை லவ்டேல் பக்கத்திலிருந்து ஒரு வண்டி நிறையத் தொழிலாளர்கள் வருகிறார்கள். பரிசோதனை நடக்கும்.

ஓய்வறியா உழைப்பே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்த நடையோடு தாங்கள் வாழ வேண்டும். தங்கள் ஆய்வின் முடிவைத் தாங்களே எழுத வேண்டும்.

இத்தகைய மடல்களை 'மருத்துவமனைப் பணியாளர்கள்' என்று பொதுவாக முடிப்பதே இங்கே வழக்கம். நாளை விளக்கம் கேட்க விரும்புவோர் யாரையும் தேடி அலைய வேண்டாம் என்பதற்காக, இம்முறை பெயரோடு கையொப்பமிடுகிறோம்.

சசிரேகா, செவித்திறன் பரிசோதகர்
பாண்டியராஜ், மருந்தாளுநர்
செலஸ்டின், தலைமைச் செவிலியர்
தரணிதரன், அலுவலக எழுத்தர்
பாலகுமார், வாகன ஓட்டுநர்
பேச்சி, துப்புரவுப் பணியாளர்