ஊரிலிருந்து யாரும் வரவில்லையே

புனேயில் சிவாஜிநகரிலிருந்து போபோடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவள் கேட்ட கேள்வியில் என் தூக்கம் கலைந்தது.

"ஊர்லேர்ந்து யாரும் வரலையே, அப்புறம் எதுக்குடி சனிவார்வாடா அரண்மனைக்குப் போனே?"

"சும்மா பாக்கத்தான்க்கா. காலையில பஸ் பாஸ் எடுத்தேன். லக்ஷ்மி ரோடு முழுக்க நடந்தேன். பசிச்சுது, வடாபாவ் தின்னேன்."

"தனியா? ரோட்டுல நின்னு? புருஷன் ஃபேக்டரியில இரும்போட மல்லுக்கட்டுறான், மகாராணி நகர்வலம் போறாங்க!"

"அவருக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரியாப் போச்சா? விருந்தாளி வந்தா கூட்டிட்டுப் போவோம், அதான் முறை. நாத்தனார், சம்பந்தின்னு எத்தனை பேருக்கு அந்த அரண்மனையக் காட்டியிருக்கேன்! ஒரு நாளாவது தனியாப் போயிருப்பேனா?"

"அப்ப உள்ள நல்லா சுத்திப் பாத்திருப்பீங்க."

"நான் எங்கடி உள்ள போனேன்? எல்லார் பையையும் வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். எனக்கும் சேத்து டிக்கெட் எதுக்கு?"

பஸ் கட்கி ஸ்டாப்பைத் தாண்டியதும் மூத்தவளின் குரல் இறங்கியது.

"ஆமா, அரண்மனை உள்ள எப்படி இருக்கு?"

"அரண்மனையே இல்லக்கா. எந்தக் காலத்துலயோ எரிஞ்சு போச்சாம். மதிலுக்குள்ள வெறும் மேடையும் புல்லும்தான்."

போபோடி வந்தது. மூத்தவள் இறங்க எழுந்தாள்.

"புல்லப் பாக்கவா அத்தனை பேரும் என் மடியில பையப் போட்டுட்டு ஓடினாங்க?"