வர வேண்டாம்னு ஒரு அபிஷேகம்

திருவாரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பிரசாதப் பை.

“எம்மவன் ஊருக்கு வர வேண்டாம்னு ஆயிடுச்சுக்கா. அதான் அம்மனுக்கு அபிஷேகம் பண்ணிட்டு வரேன்.”

தூங்குவதுபோல் நடித்தால்தான் ஊர்க்கதை நன்றாகக் கேட்கும். அன்று நடிப்பை மறந்து கண்ணைத் திறந்துவிட்டேன்.

“பெத்தவ பேசுற பேச்சாடி இது?”

“ஆராய்ச்சி விசாவுல அமெரிக்கா போனவன்க்கா. முடிச்சதும் ரெண்டு வருஷம் இங்க வந்து இருந்தாத்தான் மறுபடி அங்க வேலைக்குப் போலாம்னு சட்டம். மருமகளுக்கு அங்க வேலை, கைக்குழந்தை வேற. அதுங்க எப்படிப் பிரிஞ்சிருக்கும்? நம்ம கவர்மெண்ட்டு ஆட்சேபனை இல்லைன்னுடுச்சு. அந்த நாட்டுக்காரனும் நேத்து அந்த ரெண்டு வருஷத்துக்கு விலக்கு கொடுத்துட்டான்.”

“ரெண்டு கவர்மெண்ட்டா! எங்கொழுந்தன் ஒத்த வரப்புக்கு ஆட்சேபனை இல்லைன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்.”

இருவரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். எனக்கு இருமல் வந்தது.

“சரி, திருக்கடையூர்ல உங்க அறுபதாம் கல்யாணம்? பிள்ளை இல்லாமயா?”

“வரான்க்கா! டிக்கெட் போட்டுட்டான். வந்தா திரும்பிப் போக முடியாதோன்னு பயந்துதானே இத்தனை நாளும் வரல.”

“அடிப் பாவி, வர வேண்டாம்னு ஆனதாலதான் வரான்னு சொல்லு.”

“ஆமாக்கா. இந்தா, பொங்கல் எடுத்துக்க.”