சன்னலோரக் கட்டில்

— செருப்பக்கூடக் கழட்டாம உட்காந்துட்டீங்களே அண்ணி... கூட்டம் எப்படிப் போச்சு?

— போச்சு.

— இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி சொல்றீங்க!

— தண்ணி குடுடி, வாயாடி.

— இந்தாங்க. சன்னலோரக் கட்டில்ல படுத்தவங்க சீக்கிரம் நடக்கறாங்கன்னு சொன்னதும், அத்தன டாக்டரும் வாயப் பொளந்திருப்பாங்களே?

— நீ வேற... முட்டி ஆபரேஷன் வார்டுல நர்ஸுங்க நாங்க எல்லாருமே அப்படித்தான் நம்பிட்டிருந்தோம்.

— நம்பினா மட்டும் போதுமான்னுதானே, இதப் பத்தி முன்னாடி யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு கண்ணு சிவக்கப் படிச்சீங்க?

— அப்புறம் ஒவ்வொரு நோயாளிகிட்டயும் ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டு...

— "என்னை சோதனை எலியாக்காதீங்க"ன்னு ஒரு கண்டக்டர் கட்டுப்போட்ட காலோட ஓடப் பார்த்தாரே!

— சிரிக்காத... யாருக்கு எந்தக் கட்டில்னு சீட்டு வேற குலுக்கணும்.

— அத்தன சீட்டையும் மடிச்சது யாராம்? என் விரல் தேஞ்சே போச்சு!

— முதல்ல சின்னதா பண்ணிப் பார்த்தப்போ ஒரே சொதப்பல். "நல்லா நடக்க முடியுதா?"ன்னு கேட்டா, என் மனசு கோணக் கூடாதுன்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க.

— உடனே கேள்வியத் தூக்கிப் போட்டுட்டு, வராந்தாவுல நடக்கவிட்டு அளந்தீங்க. அளக்கறவங்களுக்கே யாரு எந்தக் கட்டில்னு தெரியாம! நான் அசந்துட்டேன் அண்ணி.

— எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியே...

— சரி, முடிவு?

— ...வித்தியாசமே இல்ல. சன்னலோரமும் ஒண்ணுதான், சுவரோரமும் ஒண்ணுதான்.

— ஐயோ... பெரிய டாக்டர் என்ன சொன்னார்?

— கூட்டத்துக்கு முன்னாடியே கூப்பிட்டார். சன்னலோரத்துல சரியா நடக்காத நாலஞ்சு பேரக் கணக்குலருந்து எடுத்துடு, சன்னல் ஜெயிச்சிடும்னார். அப்படிப் பண்ணா, வரப்போற புது வார்டுக்கு நீதான் தலைமை நர்ஸுன்னும் சொன்னார்.

— நீங்க...?

— விடு. உங்கண்ணன் வந்தா, கூட்டம் நல்லபடியா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. எனக்குப் பதவி வரப்போகுதுன்னு மனுஷன் அவ்வளவு ஆசையா இருக்கார்... நானே மெதுவா சொல்லிக்கறேன்.

— அண்ணனுக்கா? "வாயே திறக்காத, அவளா சொல்லட்டும்"னு என்னையே மிரட்டி வீட்டுல விட்டுட்டுப் போனார்... நாங்க ரெண்டு பேரும் கூட்டத்துல கடைசி வரிசைல நின்னோம் அண்ணி. "நான் நினைச்சது தப்பு"ன்னு மேடையில நீங்க நிமிந்து நின்னு சொன்னப்போ... முதல்ல கை தட்டினது அண்ணன்தான்.