கீழேயிருந்து தட்டுகிறார்கள்

சாயங்காலம் ஆறே முக்கால். சுண்ணாம்புக்குளத்துக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் உப்புத் தரை, நடுவில் தார், ஈ காக்கை கூட இல்லை. கடைசி பஸ் போய் வெகு நேரமாகிவிட்டது. அந்தச் சாலையில் ஒருவன் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தான்...

இது நம் லோகேஷின் சித்தப்பாவுக்கு நடந்தது. லோகேஷ் இன்று வரவில்லை. வந்திருந்தால் பாதி பொய் என்பான். எந்தப் பாதி என்று மட்டும் சொல்ல மாட்டான்.

சித்தப்பா பெயர் ஆதிநாராயணன். ஏரியில் மடவை மீன் பிடிப்பவர். சந்தேகப்படுவது அவருக்கு இரண்டாவது தொழில். மீன் வாங்க வருகிறவன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் கூடுதல் சந்தேகம். ரேடியோவில் மழை வரும் என்றால், தன்னைக் கரையில் உட்காரவைக்க யாரோ வேலை பார்க்கிறார்கள் என்பார்.

வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய பைக்கின் வெளிச்சம் நடந்து வந்தவன் முகத்தில் விழுந்தது. மோகன்குமார். அவர் வீட்டோடு இருக்கிற மகள் திவ்யாவின் புருஷன். விசாகப்பட்டினத்தில் கடற்படை வேலை.

லீவு கிடைத்தது, பஸ்ஸில் வந்தேன் என்றான். எந்த பஸ் என்று கேட்டார். பின்னால் ஏறி உட்கார்ந்தான். அது பழைய வண்டி, யார் ஏறினாலும் ஒரு முனகல் முனகும். அன்று முனகவில்லை. அவனிடமிருந்து டீசல் வாசனை. அதற்கடியில் இன்னொன்று... பல வருஷம் பூட்டியிருந்த பீரோவைத் திறந்தால் வருமே, அது.

வீடு வருவதற்குள் ஆதிநாராயணன் முடிவு கட்டிவிட்டார். மாப்பிள்ளை வேலையை விட்டு ஓடி வந்திருக்கிறான். தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மகள் வாழ்க்கை அவ்வளவுதான்.

சோற்றில் கை வைத்ததுமே விசாரணை தொடங்கியது. உன் வேலை இன்னா, கரெக்டாகச் சொல்லு என்றார். மீட்பு வேலை என்று அவன் சொன்னான். நீர்மூழ்கிக் கப்பல் பழுதாகி அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பேச மாட்டார்கள், நடமாட மாட்டார்கள். காற்றை மிச்சம் பிடிக்கப் படுத்தே கிடப்பார்கள்; இரும்பைத் தட்டித்தான் சேதி சொல்வார்கள். மீட்புக் கப்பல் தேடி வந்து ஒரு குட்டி நீர்மூழ்கியை இறக்கும். அது போய்ப் பெரியதன் முதுகில் இருக்கிற வட்டக் கதவின் மேல் மூடி மாதிரி உட்காரும். இடையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் கடலே அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அசையாது. கதவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சம் பேராக ஏற்றி வருவார்கள்.

"மேல கூட்டினு வந்து?"

"உடனே வெளிய விட முடியாது மாமா. ஒரு இரும்பு ரூம்ல அடைச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா காத்தழுத்தத்த எறக்குவாங்க."

"ஜெயிலுனு சொல்லு."

திவ்யா தட்டைப் பார்த்துக்கொண்டே தலை குனிந்துகொண்டாள்.

விடியற்காலையில் அவனையும் படகில் ஏற்றிக்கொண்டார். ஏரியைச் சுற்றிக்காட்ட அல்ல. கரையில் விட்டால் நழுவிவிடுவான்.

இடுப்பளவு தண்ணீர். காற்றில்லை. மங்கலாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. அங்கே எல்லோரும் செய்வதுதான்: வலையை வளைத்துப் போட்டுவிட்டு, படகுப் பலகையைக் கழியால் தட்டுவார்கள். மிரளும் மடவை நேராக வலைக்கு ஓடும்.

தட்டினார். டொக், டொக், டொக்.

நிறுத்தினார்.

டங்... டங்... டங்.

எதிரொலி வர ஏரியில் சுவரா இருக்கிறது? பக்கத்திலிருக்கும் பசியாவரத்துப் பசங்கள் யாராவது தன் மீனைக் கலைக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒரு படகும் இல்லை. அடுத்து மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கோபத்தில் இன்னும் பலமாகத் தட்டினார். உடனே பதில் வந்தது. படகுக்கு நேர் கீழே. மரத்தில் மரம் படுகிற சத்தம் இல்லை அது. இரும்பில் இரும்பு.

கழியை இறக்கி ஆழம் பார்த்தார். போய்க்கொண்டே இருந்தது... தோள் நனையும் வரை போனது. சேறு தட்டவில்லை.

மோகன்குமார் முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் மாமா பதில் குடுத்தீங்க?"

"மீன வெரட்டுனேன். இன்னா பதிலு?"

"மாட்டிக்கினவங்க தட்டுறது வேற மாதிரி இருக்கும். இது காப்பாத்த வர்றவங்க தட்டுறது."

"கீழ இருந்தா?"

அப்போதுதான் படகு ஆடுவது நின்றது. சின்ன அலைகள் வந்து மோதிக்கொண்டுதான் இருந்தன. படகு மட்டும் சிமென்டில் பதித்த மாதிரி... அடிப்பலகைக்குக் கீழே ஏதோ தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம். ஸ்ஸ்ஸ். அப்புறம் அதுவும் இல்லை.

மறுபடியும் கீழேயிருந்து தட்டினார்கள். இந்தத் தடவை வேகமாக, அடுக்கடுக்காக. முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"உயிரோட எத்தினி பேருனு கேக்கறாங்க," என்றான் மோகன்குமார். "எத்தினி பேரோ அத்தினி தட்டு. தப்பாச் சொல்லக் கூடாது மாமா. அத வெச்சுத்தான் உள்ள எடம் ஒதுக்குவாங்க."

"வேணாம் மாப்ள. திவ்யா கீறா வூட்ல..."

அவன் அவர் கையிலிருந்த கழியை மெதுவாக வாங்கினான். குனிந்தான்.

டொக்.

ஆதிநாராயணன் அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார். படகில் இருந்தது இரண்டு பேர். அவன் கழியைக் கீழே வைத்துவிட்டான்.

கீழேயிருந்து ஒரே ஒரு தட்டு. சரி, புரிந்தது என்பது போல. அதோடு படகு ஆட ஆரம்பித்தது.

ஒண்ணுன்னா யாரு என்று கரை வரும் வரை கேட்டார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கழி ஊன்றி வந்தான்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். லீவு முடிந்து அவன் கிளம்பிப் போனான். ஆதிநாராயணன் விடவில்லை. லோகேஷை விட்டு யார் யாரையோ பிடித்து விசாரித்தார். லீவு நிஜம். வேலை நிஜம். மாப்பிள்ளை டாண் என்று போய்ச் சேர்ந்திருக்கிறான். அவன் மேல் இருந்த சந்தேகம் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

உயிரோடு இருப்பது ஒருவர்தான், அது மாப்பிள்ளை என்றால் வேறு யார் மேல் சந்தேகப்படுவது என்பதுதான் பிரச்சினை. டீக்கடையில் பாய்லர் மேல் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. சுட்டதா என்று அப்புறம் சந்தேகம். மனைவி முனியம்மா அவரைக் கூப்பிடாமல் தானாக எதையாவது முணுமுணுத்துக்கொண்டு போனால், எதிரில் போய் நின்று, தன்னைக் கண்டுகொள்கிறாளா என்று பார்த்தார்.

மோகன்குமார் தினமும் திவ்யாவுக்குப் போன் செய்வான். அத்தையைக் கேட்பான், நாயைக் கேட்பான். ஒருநாள் அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆதிநாராயணன் உட்கார்ந்திருந்தார்.

"நைனாகிட்ட குடுக்கட்டா?" என்றாள்.

மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு இன்னும் வூட்லதான் இருக்காரா?" என்றான்.