குடும்ப அமர்வு: ரூ. 250

எந்த ரசீதையும் மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்ப்பது என் வழக்கம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டேன். அது நல்ல பழக்கம் என்றே இன்னமும் நினைக்கிறேன், ஐயா. வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். எழுதுகிறேன். பிழை திருத்திப் பழகிய கை, உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கு வேலை மிச்சம்.

பெயர் சுந்தரபாண்டி. வயது இருபது. விருதுநகரில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாலையில் சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறேன். கல்லூரியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன். அதைப் படித்து முதல்வர் ஒருவர்தான் சிரிப்பதில்லை.

அப்பா சின்னச்சாமி போன வருடம், 2006-இல், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் இறந்தார். அம்மா சோலையம்மாளுக்கு நாரணாபுரத்தில் வேறோர் ஆலையில் திரி செருகுகிற வேலை. அப்பா போனதிலிருந்து அம்மா ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசினாள். கை நடுங்கத் தொடங்கியது. கை நடுங்குகிற ஆளை வெடிமருந்துப் பக்கம் விடமாட்டார்கள். தலை சரியில்லை என்று பெயர் வந்துவிட்டாலோ ஆலை கேட்டோடு சரி. போர்மேன் கெட்டவர் இல்லை. ஒரு பொறி போதும் என்று பயந்தவர்.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் பொன்மணி. முப்பது வயது. புருஷன் விட்டுவிட்டுப் போனவன், இரண்டு பெண் குழந்தைகள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள்.

"சோலக்கா, சிவகாசியில மருந்துக்கடை மாடியில ஒரு அம்மா இருக்காக. பல்கீஸ்னு பேரு. உக்காந்து பேசுனாப் போதும். நான் ஆறு மாசமாப் போறேன், ஈ காக்காவுக்குத் தெரியாது."

மனநல ஆலோசகர் என்று பலகையில்கூடப் போடாத மனநல ஆலோசகர். பலகை போட்டால் எங்கள் ஊரில் யாரும் படியேற மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவைக்கு நூற்றைம்பது ரூபாய். ஆறு வாரம் அம்மா போனாள். ஆறாவது வாரம், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தானாகவே ஒரு முழு வாக்கியம் சொன்னாள். கை நடுக்கமும் அடங்கியது. இதை நான் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பில் தொள்ளாயிரம் வரவேண்டும். ஆயிரத்து நூற்றைம்பது வந்தது. கடைசி வரியில், அழகான கையெழுத்தில், 'குடும்ப அமர்வு (மகன்): 250' என்றிருந்தது.

மகன் நான்தான். மூன்றாவது வாரம், அம்மாவின் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிறகு மரியாதைக்காகக் கொஞ்சம் பேசினேன். நிவாரணக் காசோலை கொடுத்த விழாவில் அதிகாரி அப்பாவின் பெயரைப் பெரியசாமி என்று வாசித்தது, ஆஸ்பத்திரியில் அப்பாவை நான் ஒரு செருப்பை வைத்து அடையாளம் காட்டியது, அதைப் பதிவு செய்தவர் 'எந்தக் கால்?' என்று கேட்டது. என் வகுப்பில் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இந்த அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவைத்தார். ரசனை இல்லாதவர்களோடு பேசுவது எவ்வளவு களைப்பு என்று அன்று தெரிந்தது. அதற்கு அவர் எனக்குத் தர வேண்டிய பணம் அது.

பில்லை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

"இது என்னங்க?"

"நீங்க பேசுனது தம்பி. முக்கா மணி நேரம்."

"சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

"எல்லாரும் இங்கன சும்மாதான் பேசுறாக."

"எனக்கு என்ன சீக்குன்னு எழுதியிருக்கீக? ரெஜிஸ்டரைக் காட்டுங்க."

"சீக்குன்னு யாரு சொன்னா? அதுல மத்தவுக பேரும் இருக்கு தம்பி. வேலைவெட்டிக்குப் போறவுக. காட்டக் கூடாது."

என் பெயர் இருக்கிற நோட்டை எனக்கே காட்ட மாட்டாராம். தினமும் ஐந்து மணிக்கு அவர் உள்ளறையில் தொழப் போவார், பத்து நிமிடம் ஆகும். மறுநாள் அந்தப் பத்து நிமிடத்தில் ரெஜிஸ்டர் என் சட்டைக்குள் வந்தது. அதற்கு மறுநாள், அதே பத்து நிமிடத்தில், அதே மேசைக்குத் திரும்பிப் போனது. ஒரு பக்கமும் கிழியவில்லை. திருட்டு என்று நீங்கள் எழுதியிருப்பதை அடிக்கச் சொல்வேன்.

நாற்பத்து மூன்று பெயர்கள். ஊர், வேலை, வந்த தடவை, கொடுத்த தொகை. நாரணாபுரம், விஸ்வநத்தம், திருத்தங்கல். இத்தனை பேர் கைக்காசைக் கொடுத்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய கொடை என்று தோன்றியது. கொடை என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. கொடுத்தவர் பெயரை அச்சடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும்.

கோயில் நோட்டீஸ் எத்தனை திருத்தியிருப்பேன். 'மனநலக் கொடை விழா, உபயதாரர்கள்' என்று தலைப்பு. கீழே பெயர், ஊர், ஆலை, தொகை. அடியில் 'விழா மேடை: மருந்துக்கடை மாடி, தலை சரியில்லாதவர்கள் தவறாமல் வருக'. மேலே இருக்கன்குடி மாரியம்மன் படம். அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அம்மன் படம் போட்ட காகிதத்தை எங்கள் ஆட்கள் கீழே போட மாட்டார்கள், கிழிக்கவும் மாட்டார்கள். மடித்து மஞ்சப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவார்கள். ஒரு பிரதிகூட வீணாகாது. அச்சகத்தில் எவரும் உபயதாரர் பட்டியலைப் படிப்பதில்லை. ஆயிரம் பிரதி அடித்துக் கட்டி என் மேசைக்கடியில் வைத்தார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளி. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற சாலையில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை கொடுத்தேன். வாங்கியவர்கள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

சனிக்கிழமை போர்மேன் கையில் ஒரு பிரதி இருந்தது. நாரணாபுரத்தில் ஆறு பேரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். மற்ற ஊர்களில் எத்தனை பேர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் ஆள் குறைந்தால் ஆலைக்குத்தான் நஷ்டம், அதற்கு நான் பொறுப்பில்லை. பல்கீஸின் மாடிக்கு அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. அம்மாவை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மெதுவாக.

"பொன்மணி பேரு மூணாவதா இருக்கு. எம்பேரு எங்கலே?"

"நம்ம பில்லு இன்னும் தகராறுல இருக்கும்மா. காசு கட்டுனவுக பேருதான் போடமுடியும்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அவள் கேட்டது அதை அல்ல.

"அவ எங்கூட வேலை பாத்த புள்ளைலே. எனக்காவ வந்து கெஞ்சுன புள்ளை. அவ புள்ளைகளுக்கு யாருலே கஞ்சி ஊத்துவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நீளமாக அவள் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

பொன்மணி திங்கட்கிழமை முதல் காட்டுக்குள் ஒரு பட்டாசுக் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். லைசென்ஸ் இல்லாத இடம். அங்கே பெயரும் கேட்பதில்லை, பட்டியலும் பார்ப்பதில்லை, கை நடுங்கினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். புதன்கிழமை மத்தியானம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர். அவளை எதை வைத்து அடையாளம் காட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கொட்டகைக்குப் போ என்று நான் சொன்னதற்குச் சாட்சி உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றீர்கள். அப்படியானால் அந்த வழக்கில் எனக்கு இடம் இல்லை.

அம்மா ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து, நாலு பக்கத்துக்கு வாக்குமூலம் கொடுத்தாள் என்று காட்டினீர்கள். படித்தேன். தேதி, கிழமை, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆறு அமர்வும் பலித்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தொள்ளாயிரத்தை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் முழுதாக எழுதச் சொன்னீர்கள்.

வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன் மாலை, பல்கீஸ் அச்சகத்துக்கு வந்தார். படியேறி மூச்சு வாங்கியது. திருத்திய பில்லை என் மேசைமேல் வைத்தார். இருநூற்றைம்பதை அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். நோட்டீஸ் கட்டுகள் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தன.

"முன்னாலயே சொல்லாம போட்டது எந்தப்பு தம்பி. மனசுல வச்சுக்கிராதீக."

"அப்ப அன்னைக்கு அமர்வே நடக்கலன்னு எழுதிக் குடுங்க."

"அத எப்படி எழுத? நடந்துச்சே." போகத் திரும்பினார். "பாதியில நிறுத்திட்டீக. எப்ப வேணும்னாலும் வாங்க, மீதியச் சொல்லுங்க. காசு வேண்டாம்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை இருந்தேன். பணத் தகராறு அத்தோடு தீர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். கட்டுகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. பெயர் வெளியே வந்தால் பொன்மணிக்கு வேலை போகும் என்று எனக்குத் தெரியும், வேலை போனால் அவள் எங்கே போவாள் என்றும் தெரியும். தெரிந்துதான் மறுநாள் விடியற்காலை முதல் பஸ் ஏறினேன். கோபம் கிடையாது, குழப்பம் கிடையாது, இரவு எப்போதும்போல் விழித்துத்தான் இருந்தேன். முழு நிதானத்தோடு செய்தது. இதற்கு வேறு காரணம் யாரும் தேட வேண்டாம் ஐயா, எனக்கு ஒன்றும் இல்லை.