புலாட் இப்ப குப்பையைத் தொடறதில்ல

இல்ல இண்டாய், இந்த நாய் குப்பையெல்லாம் கிளறாது. அதுக்காகத்தான் இதைத் தொரத்தறேன்னு யாரு சொன்னா உங்ககிட்ட? பக்கத்து வீட்டு சபீனாவா? அவ சொல்றது ஜூன் மாசத்துக் கதை. அவ வாயில எந்தச் சேதியும் ஊசிப் போனப்புறம்தான் வெளிய வரும். உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல பூரா நாய் மயிரு. இதுல உட்காருங்க, இப்பத்தான் தொடச்சேன். நாய்க்குக் கொண்டாந்த கூடையைக் கீழ வைங்க. எப்படியும் இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல? அது போதும் எனக்கு.

ஏன் குடுக்கறேன்னா? நாய்னா எனக்கு ஆகாது, அவ்வளவுதான். இங்க ஆஸ்பத்திரியில துணி தொவைக்கிற எடத்துல இருபத்தோரு வருஷம் வேலை பாத்தேன் நான். ஊர்ல இருக்கறவன் ரத்தம், சீழு, வாந்தி, எல்லாம் இந்தக் கையில பட்டிருக்கு. ஒரு தடவை விரிப்பை உதறுறேன், உள்ளேருந்து ஒருத்தரோட பல்செட்டு விழுது. அதுலேருந்து எனக்கு எதைப் பாத்தாலும் குமட்டும். வீட்டுக்கு வந்தா சோப்பு வாசனை மட்டும் வரணும், வேற எதுவும் வரக்கூடாது. வாழ்க்கையில நான் கேட்டதே அது ஒண்ணுதான்.

என் வீட்டுக்காரர் ஃபெர்மின்தான் கொண்டாந்தாரு இதை. ஆளுங்களை ஏத்திட்டுப் போற ட்ரைசைக்கிள் வண்டி ஓட்டுவாரு. பிப்ரவரியில அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. நல்லவேளை, கை கால் திரும்பி வந்துருச்சு. டாக்டர் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு மாத்திரை எழுதிக் குடுத்து, ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னாரு. கொஞ்ச நாள் வண்டியைத் தொடக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. மனுஷன் வீட்டுல உக்காந்து உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருந்தாரு. ஜூன்ல ஒரு நாள், நல்ல மழை, வண்டி ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டு வரேன்னு போனவரு சட்டைக்குள்ள இதைப் போட்டு எடுத்துட்டு வராரு. சட்டை பூரா சேறு. வயிறு உப்பிப் போயி, பின்னாடி புழு நெளியுது. சீ. பேரு என்ன வைக்கலாம்னு என்னைக் கேக்கறாரு. பொணம்னு வைங்கன்னேன். அவரு புலாட்னு வச்சாரு. கருவாட்டுப் பேரை யாராச்சும் நாய்க்கு வைப்பாங்களா சொல்லுங்க? கூப்பிடறப்பவே நாறுது.

வந்த மறுநாளே ஆரம்பிச்சுருச்சு. பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ எங்க குப்பைக்கூடை இருக்கு, பாருங்க, அந்தப் பச்சை. காலையில எந்திரிச்சு வந்தா சமையலறை பூரா மீன் கொடலு. காபிச் சக்கை, இறால் ஓடு, புளிச்ச சோறு, எல்லாத்தையும் மிதிச்சு மிதிச்சு கூடம் வரைக்கும் இழுத்து வச்சிருக்கு. நடுவுல இது, மூஞ்சி பூரா எண்ணெ, வாலை ஆட்டிட்டு. சில நாளு ஒண்ணை வாயில கவ்விட்டு வந்து என் காலடியில போட்டுட்டு நிமிந்து பாக்கும், ஏதோ எனக்குச் சம்பாதிச்சுக் கொண்டாந்த மாதிரி. நான் அதையெல்லாம் என்னன்னு பாக்கறது கூட இல்ல. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு, தொடப்பத்தால ஒரே தள்ளு. அப்புறம் இதுக்கு ரெண்டு போடு.

எல்லாம் செஞ்சேன் இண்டாய். பேப்பரைச் சுருட்டி அடிச்சேன். மூடி மேல கல்லு வச்சேன், கல்லோட கூடையையே சாய்ச்சுருச்சு. கூடை ஓரத்துல காந்தாரி மிளகாயை நசுக்கித் தேச்சேன். இது ரெண்டு தும்மல் தும்மிட்டு வேலையைப் பாத்துச்சு. நான்தான் அந்தக் கையோட கண்ணைக் கசக்கிட்டு அன்னைக்குப் பூரா அழுதேன். கள்ளுக் காடியை ஊத்தி வச்சேன், அதையும் நக்குச்சு. மீனுக்குக் காடி ஊத்தித்தானே நாமளும் திங்கறோம், அதுக்கு இன்னும் ருசியாப் போச்சு போல. கூடையை மேல தூக்கி வைக்கலாம்தான். சாப்பிடற மேசை மேல குப்பையா? என் பொணத்து மேல வைங்கன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் யாரு திருத்தினாங்கன்னு கேக்கறீங்களா? ஃபெர்மின்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம். நீங்க அவரைப் பாத்ததில்ல, பாத்திருந்தா உங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கும். மீன் முள்ளைத் தட்டுல வைக்க மாட்டாரு, மேசையில துப்புவாரு. கையை ஜன்னல் திரையில தொடைப்பாரு. பல்லு குத்தின குச்சியைக் காதுல சொருகிட்டுப் படுத்துருவாரு, தலகாணி உறையில அது வந்து கெடக்கும். முப்பத்திரெண்டு வருஷம் அந்த மனுஷனுக்குப் பின்னாடியே துணியும் கையுமா நடந்தேன். அப்பேர்ப்பட்டவரு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கோம். இது எதையோ கவ்விட்டு வந்து எனக்குப் பக்கத்துல போடுது. நான் தொடப்பம் எடுக்க எந்திரிக்கறேன், அதுக்குள்ள அவரு சோத்துக் கையோடயே குனிஞ்சு, அந்தக் கருமத்தை எடுத்துக் கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. பையில இண்டாய். எனக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கல. அன்னைக்குச் சாயங்காலம் சொல்றாரு, இசாங், நீ சொல்றது சரிதான், இந்த நாயை இப்படியே விடக்கூடாது, நான் பழக்கறேன்னு. நான் சரிதான்னு அவரு வாயால கேட்டது அன்னைக்குத்தான்.

எப்படின்னா, நாய் டாக்டர்கிட்ட வேலை பாக்கற ஒரு பையனை முன்னாடியெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போவாராம், அவன் சொல்லிக் குடுத்திருக்கான். கையில கருவாட்டுத் துண்டை வச்சு மூடிக்கணும். நாய் மோந்து பாக்கும், நக்கும், பிராண்டும். விடுன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு அசையாம உக்காரணும். அது சலிச்சுப் போயி மூஞ்சியை எடுக்கும் பாருங்க, அந்த நொடியில இன்னொரு கையிலேருந்து வேற துண்டு குடுக்கணும். மூடின கையில இருக்கறதை மட்டும் குடுக்கவே கூடாது. அப்புறம் தரையில வச்சு. அப்புறம் கூடைக்குப் பக்கத்துல. கடைசியில கூடையைத் தொறந்தே வச்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை, பத்துப் பத்து நிமிஷம். அடிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. என்னைப் பேசவே விடல. நல்ல புள்ள, சமத்துப் புள்ளன்னு அதைக் கொஞ்சுவாரு. என்னை ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல, அது வேற விஷயம்.

ஆறு வாரம். முட்டி வலியோட தரையில உக்காந்து ஆறு வாரம் செஞ்சாரு. ஆகஸ்ட் மாசம் கூடை நெறைய மீன் தலை இருக்கும், மூடி இருக்காது, இது பக்கத்துல வந்து, அவரைப் பாத்து, மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயி படுத்துக்கும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நாயை நெனச்சு இல்ல, அவரை நெனச்சு. கடைசியில என் சுத்தம் இந்த மனுஷனுக்கு ஒட்டிக்கிச்சுன்னு சபீனாகிட்ட வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னேன். அவருக்குத் தேங்காய்ப்பால் ஊத்திப் புட்டு பண்ணிக் குடுத்தேன்.

செப்டம்பர்ல போயிட்டாரு. ஆமா, மறுபடியும் அதேதான். குழாயடியில பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சாரு. நான் ஓடிப் போயி தூக்கறதுக்குள்ள கண்ணு நின்னு போச்சு.

அஞ்சு நாள் வீட்டுல வச்சிருந்தோம். மணிலாலேருந்து அவரு தம்பி வரணும்னு. உங்களுக்குத் தெரியாததா, பெட்டி உள்ள இருக்கற வரைக்கும் தொடப்பத்தைத் தொடக்கூடாது, குப்பையை வாசல் தாண்டி எடுக்கக்கூடாது. கூட்டினா சாவையும் சேத்து இன்னொருத்தர் மேல கூட்டித் தள்ளிடுவோமாம். என் மாமியார் காலத்துலேருந்து இந்த வீட்டுல அப்படித்தான். துக்கத்துக்கு வரவங்க சும்மாவா வராங்க? சீட்டு ஆடறான், வேர்க்கடலை ஓட்டைத் தரையில போடறான், கோழிக்கஞ்சி குடிச்ச எலும்பை நாற்காலிக்குக் கீழ தள்ளறான், காபிக் கோப்பையில சிகரெட்டை அணைக்கறான். அஞ்சு நாள். செப்டம்பர் வெக்கை. ஒரு பக்கம் பூ அழுகுது, ஒரு பக்கம் கஞ்சி புளிக்குது, நடுவுல அவரு படுத்திருக்காரு. என் புருஷனுக்கு அழக்கூட முடியல எனக்கு, ஈயைத்தான் தொரத்திட்டு இருந்தேன்.

அப்ப இந்த நாய் என்ன பண்ணுச்சா? ஒண்ணும் பண்ணல. அத்தனை எலும்பு தரையில கெடக்கு, ஒண்ணைத் தொடல. பெட்டிக்குக் கீழ படுத்துட்டு இருந்துச்சு. வந்தவங்கெல்லாம் பாருங்க பாருங்க, என்ன ஒழுக்கம்னாங்க.

ஆமா, நல்ல நாய்தான். நான் இல்லேங்கலையே. அப்ப ஏன் குடுக்கறேன்னு திரும்பத் திரும்பக் கேட்டா நான் என்ன சொல்ல? சரி, டீச்சர் நீங்க, கேட்டதுக்குப் பதில் வாங்காம விட மாட்டீங்க.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் வீட்டைக் கழுவறேன். குப்பையைப் பிரிச்சுப் போடலேன்னா வண்டிக்காரன் எடுக்க மாட்டான், கேட்டுலயே தொங்க விட்டுட்டுப் போயிடுவான். எப்பவும் அந்த வேலை ஃபெர்மினோடது. எனக்குக் கொமட்டும்னு அவரே செஞ்சுருவாரு. பிளாஸ்டிக் ஒரு பை, அழுகறது ஒரு பை. அன்னைக்கு யாரு இருக்கா? கையுறை மாட்டிக்கிட்டு, வாயைக் கட்டிக்கிட்டு, பச்சைக் கூடையைத் தரையில கவுத்தேன். மேல இருந்ததெல்லாம் துக்கத்துக்கு வந்தவங்க போட்டது. அடியில அவரு உசுரோட இருந்தப்ப போட்டது. அதுல சின்னச் சின்னதா கடுதாசி உருண்டை. காகிதக் கைக்குட்டையை இறுக்கி உருட்டி, ஆறு இருந்துச்சு. என்ன கருமமோன்னு ஒண்ணைப் பிரிச்சேன். வேக வச்ச வாழைப்பழம், கறுத்துப் போயி. அதுக்கு நடுவுல மாத்திரை.

நான்தான் பழத்துக்குள்ள வச்சுக் குடுப்பேன், கசக்குதுன்னாருன்னு. என் முன்னாடிதான் வாயில போடுவாரு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கடைசி மூணு நாளோடது அத்தனையும் அங்க இருந்துச்சு. ஆறு உருண்டையையும் பிரிச்சு மேசையில வரிசையா வச்சேன். சாப்பிடற மேசையிலதான்.

எத்தனை நாளா துப்பினாருன்னு எனக்குத் தெரியும் இண்டாய். அந்த மாத்திரை ஒண்ணுக்கை இழுத்துட்டு வரும். ஏப்ரல், மே மாசமெல்லாம் கழிப்பறைக்குப் போறதுக்குள்ள துணியில போயிடும் அவருக்கு. படுக்கையில போயிடும். நான் என்ன பண்ணேன்? ஆஸ்பத்திரியில நாலு தலைமுறையோட மூத்திரத்தைத் தொவைச்சது போதாதா, இங்கயும் வந்து தொவைக்கணுமான்னு கேட்டேன். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கேட்டேன். விரிப்பைச் சுருட்டி அவரு மடியில போட்டேன். தனியாப் படுங்கன்னேன். அப்புறம் ஜூன்ல அது நின்னு போச்சு. விரிப்பு காஞ்சே இருந்துச்சு. மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன் நான்.

இந்த நாய் என் காலடியில கொண்டாந்து போட்டுச்சுல்ல, அதுல ஒண்ணைக் கூட நான் குனிஞ்சு பாக்கல. அன்னைக்கு அவரு பையில போட்டுக்கிட்டதும் இந்த உருண்டைதான். பாத்திருந்தா இன்னைக்கு அவரு அந்த நாற்காலியில உக்காந்து முள்ளைத் துப்பிட்டு இருப்பாரு. குப்பையில எனக்கு அருவருப்பு இல்ல இண்டாய் இப்ப. என்னை நெனச்சாத்தான் அருவருப்பா இருக்கு.

அழல. கண்ணுல வெங்காயம் பட்ட மாதிரி, விடுங்க.

இப்ப தினமும் நானே வாழைப்பழத்தை வேக வச்சு, கடுதாசியில சுத்தி, அந்தக் கூடையில போடறேன். மூடியைத் தூக்கி எறிஞ்சுட்டேன். கூடைக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, எடுடா, எடுத்துட்டு வாடான்னு கெஞ்சறேன். கூடையைப் பாக்குது, என்னைப் பாக்குது, மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயி படுத்துக்குது. அடக்கத்துக்கப்புறம் அவருக்காக வச்ச ஒன்பது நாள் ஜெபம் நேத்தோட முடிஞ்சுது. ஒன்பது நாளும் கெஞ்சினேன். அவரு பேச்சைத்தான் கேக்குது. அவரு அவ்வளவு நல்லாப் பழக்கிட்டாரு.

நீங்க கொண்டாந்த கூடையை இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். கடிக்காது, நீங்களே தூக்கி வைங்க.