பொணம் இப்படிக் கெடக்காது

— என் பாயை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க டீச்சர். நான் உள்ள வரல. வாசல்லயே நிக்கேன்.

— இசக்கிபாண்டி அண்ணே, முதல்ல உள்ள வாங்க. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு.

— எல்லாரும் போகட்டும்னுதான் எதுத்த டீக்கடையில ஒரு மணி நேரமா உக்காந்திருந்தேன். பச்சைப் பாய். ஓரத்துல கிருஷ்ணப்ரியான்னு எழுதியிருக்கும். எம் மக பள்ளிக்கூடத்து யோகாவுக்கு வாங்குனது.

— நான் அனுப்புன வாய்ஸைத் தப்பா எடுத்துக்கிட்டீங்க.

— தப்பா எடுக்க அதுல என்ன இருக்கு? ‘தீபலட்சுமி பேசுதேண்ணே, திங்கக்கெழமையில இருந்து கொஞ்ச நாளைக்கு யோகாவுக்கு வர வேண்டாம், நெலமை சரியானதும் சொல்லுதேன்’னீய. பஸ்ஸ்டாண்டுல நின்னு மூணு தடவை போட்டுக் கேட்டேன். என் பெண்டாட்டியும் பக்கத்துல நின்னு கேட்டா. என்ன நெலமை டீச்சர்? யாரு நெலமை?

— புரிஞ்சுக்கிடுங்கண்ணே. இந்த மாடி, நகர் நலச் சங்கத்துக் கட்டடம். செயலாளர் சண்முகராஜ் அண்ணாச்சி மனசு வச்சுத்தான் நான் இங்கன வகுப்பு நடத்துதேன். அவிய சொன்னா நான் என்ன செய்ய?

— அவரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க.

— வேண்டாம்ண்ணே.

— சொல்லுங்க. முப்பத்தெட்டு நாளு அவருக்குப் பக்கத்துப் பாயிலதான் கெடந்தேன். கேக்க எனக்குப் பாத்தியதை உண்டு.

— போன வியாழக்கெழமை வள்ளிமயில் அக்கா மாமனார் தவறிட்டாவல்லா. அக்கா வீட்டுக்காரரு தகனமேடையில உங்களைப் பாத்திருக்காரு. மறுநாள் சாம்பலையும் நீங்கதான் சட்டியில அள்ளிக் குடுத்திருக்கீங்க. தெனமும் அக்காவை பைக்குல கொண்டு வந்து விடுத ஆளு, உங்களை இங்கன பாத்திருக்காருல்லா. வீட்டுக்கு வந்து, ‘உன்கூடப் படுத்து எந்திரிக்கவன் பொணம் எரிக்கவன்’னு சொல்லியிருக்காரு. அக்கா அதைக் குரூப்புல போட்டுட்டாங்க.

— குரூப்புல நானும்தான இருக்கேன். எனக்கு ஒண்ணும் வரலியே.

— உங்களை விட்டுட்டு வேற குரூப் தொடங்கிட்டாவ.

— சரி. நல்லது. பெறவு?

— பொம்பளைங்க பதினோரு பேரு, இனிமே கண்ணை மூடிக்கிட்டு இங்கன படுக்க முடியாதுன்னுட்டாங்க. பயமா இருக்காம். அண்ணாச்சி ஒரே பேச்சுதான் பேசுனாவ. ‘அந்த ஆளை நிறுத்துங்க, இல்லன்னா சாவியைக் குடுத்துருங்க.’

— தெனமும் கடைசி கால் மணி நேரம் நீங்க என்ன சொல்லுவீய? ‘பிணம் மாதிரிக் கிடங்க. காலை விட்டுருங்க, கையை விட்டுருங்க, பிணம் மாதிரிக் கிடங்க.’ பொணமாக் கெடக்கதுக்கு ஆசைப்பட்டு விடியக்காலம் அஞ்சரைக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வாராவ. அதுக்குப் பயமில்ல. பொணத்தைத் தொட்டவன் பக்கத்துல கெடக்கதுக்குத்தான் பயம்.

— நான் ஒண்ணும் பேசாம இருக்கலண்ணே. இது தப்புன்னு சண்டை போட்டேன்.

— எங்க போட்டீய? அந்தப் புதுக் குரூப்புலயா?

— அண்ணாச்சிகிட்ட. போன்ல.

— போன்ல சண்டை போட்டுட்டு, எனக்கு வாய்ஸ் போட்டுட்டீய.

— நீங்களும் மறைச்சீங்கல்லா? பேரு சேக்கும்போது என்ன வேலைன்னு கேட்டேன். ‘ஒப்பந்தத் தொழிலாளி’ன்னு சொன்னீங்க. அன்னைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காது.

— சொல்லியிருந்தா சேத்திருப்பீயளா?

— அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

— அவ்வளவுதான் டீச்சர். பாயைக் குடுங்க.

— கொஞ்சம் நில்லுங்க. எனக்கும் இந்த வகுப்பை விட்டா வேற வருமானம் கெடையாது. ஒண்ணு செய்யலாம். நான் பேசுததைப் பதிவு பண்ணி உங்க போனுக்கு அனுப்புதேன். வீட்டுல போட்டுக் கேட்டுக்கிட்டே சவாசனம் செய்யுங்க. பலன் ஒண்ணுதான்.

— என் வீடு எங்கன இருக்குன்னு தெரியுமா? தகனமேடை காம்பவுண்டை ஒட்டி, ஒரே ரூமு. நான் மல்லாந்து கண்ணை மூடிக் கெடந்தா என் பெண்டாட்டி உலுக்கி எழுப்பிருதா. அவளால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. வீட்டுல நான் ஒருச்சாய்ச்சுத்தான் படுக்கணும்.

— அவங்ககிட்ட இது சும்மா ஒரு ஓய்வுன்னு எடுத்துச் சொல்லலாம்லா.

— அதை அந்தப் பதினோரு பேருகிட்ட சொல்லுங்க. அதுவும் போக, பொணம் இப்படிக் கெடக்காது டீச்சர். நீங்களும் தெரிஞ்சுக்கிடுங்க. கால் பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கும். தாடையை ஏத்தித் துணியால தலையோட முடிஞ்சிருக்கும். கட்டாத கை இறுகிப்போயிக் கெடக்கும், அதைப் பிரிக்கதுக்கு ரெண்டு ஆளு வேணும். நீங்க சொல்லுத மாதிரி காலை அகட்டி, கையை விரிச்சு, உள்ளங்கை மேல பாக்கக் கெடக்கது பொணமில்ல. பால் குடிச்சிட்டு உறங்குத பச்சப்புள்ளதான் அப்படிக் கெடக்கும்.

— கோவப்படுங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா உங்களுக்கு நல்லது செஞ்சதும் இந்த வகுப்புதான், அதை மறந்துராதீங்க.

— அதுதான வயிறு எரியுது. ஒண்ணும் செய்யலன்னா சரிதான் போன்னு போயிருப்பேன். மாத்திரை போட்டும் ராத்திரி ரெண்டு மணி நேரம் உறங்குனவன் இல்ல நான். டம்ளரைப் பிடிச்சா கை ஆடும். ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் ‘மாத்திரையை இன்னும் கூட்ட முடியாது, யோகாவுக்குப் போங்க’ன்னு அனுப்புனாவ. முதல் பத்து நாளு இங்கன என்னால கண்ணை மூடவே முடியல. ‘நெத்தியைத் தளர்த்துங்க, தாடையைத் தளர்த்துங்க’ம்பீய. நான் மேல ஓடுத காத்தாடியையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். பதினோராம் நாளு என்னையறியாம அசந்துட்டேன். கொறட்டை விட்டேன்னு எல்லாரும் சிரிச்சாவ. அன்னைக்கு என் மேல துண்டைப் போத்தி விட்டது யாரு? உங்க சண்முகராஜ் அண்ணாச்சிதான்.

— தெரியும்.

— இப்பம் மாத்திரை கெடையாது. நூத்தி எழுவதுல நின்ன பிரஷர் நூத்தி முப்பதுக்கு எறங்கிருக்கு. கை ஆடல. வீட்டுலயும் அஞ்சு மணி நேரம் உறங்குதேன். எம் மக, ‘அப்பா இப்பெல்லாம் ஏசுததே இல்ல’ங்கா. இதெல்லாம் குடுத்துட்டு இப்பம் வராதங்கீய.

— உறக்கம் போனது இந்த வேலையாலதானண்ணே? வேற வேலை பாத்திருக்கலாமே.

— வேலை என்னைய ஒண்ணும் செய்யல. இடைசெவல் பக்கம் கரிசக்காட்டுல பருத்தி போட்டவன் நான். அடுத்தடுத்து மழை ஏமாத்திருச்சு, இது கெடைச்சுது, வந்தேன். ஒரு சாவுன்னா சொந்தபந்தம் வரும், அழும், சண்டைகூடப் போடும். மகன் நின்னு கொள்ளி வைப்பான். நான் வண்டியை உள்ள தள்ளுவேன், கதவைச் சாத்துவேன், அம்புட்டுத்தான். கொரோனா ரெண்டாவது தடவை வந்துச்சே, அப்பம்தான் எல்லாம் போச்சு. ஆம்புலன்ஸு மட்டும் வரும். மூட்டையாக் கட்டி, மேல டேப்பு ஒட்டி, டேப்புல பேரு எழுதியிருக்கும். கூட ஒரு ஆளு கெடையாது. ஒரு மனுசரை ஒரு வார்த்தை சொல்லாம எப்படி உள்ள தள்ள? குனிஞ்சு பேரை வாசிச்சு, சத்தமாச் சொல்லித்தான் அனுப்புனேன். ஒரு நாளு பதினாலு பேரு. பெறவு கண்ணை மூடுனா அம்புட்டுப் பேரும் வரிசையா வந்து நின்னாவ.

— எங்க அம்மையும் அந்த வைகாசியிலதான் போனா.

— பாய் எந்த மூலையில இருக்கு டீச்சர்?

— அதனால எனக்குச் சாவு தெரியாதுங்கிற மாதிரிப் பேசாதீங்க. நானும் அப்பம் அம்மை இருந்த அதே கொரோனா வார்டுல ஆக்சிஜன் வச்சுக்கிட்டுக் கெடந்தேன். முகத்தைக்கூடப் பாக்கல. எங்க மாமா செல்வகணேஷ்தான் அந்த நீலக் கவச டிரெஸை மாட்டிக்கிட்டுப் போயி, முறையா நின்னு கொள்ளி வச்சாவ. அம்மை அநாதையாப் போகலன்னு அந்த ஒரு நெனைப்புலதான் நான் எந்திரிச்சு நடமாடுதேன்.

— பாயைக் குடுங்க டீச்சர். நேரமாச்சு.

— என்னண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?

— ஒண்ணுமில்ல. குடுங்க.

— இம்புட்டு நேரம் என்னைய நிக்க வச்சு ஏசுனீங்க. இப்பம் என்னத்துக்கு வாயை மூடுதீங்க? அப்பம் அங்கன வேலையில இருந்தது நீங்கதான. எங்க மாமாவைப் பாத்தீங்களா?

— கோவத்துல வந்திருக்கேன். கோவத்துல சொல்லுத பேச்சில்ல அது.

— சொல்லாம நீங்க இந்தப் படியை விட்டு எறங்கக்கூடாது.

— அந்த வைகாசி முடியப்போற சமயம், தகனமேடை போனுக்கு ஒரு பொம்பளப்புள்ள கூப்பிட்டுச்சு. மூச்சு வாங்குது, பேச்சு வரல. ‘கடம்பூர் ஆவுடைத்தாய்க்கு எங்க மாமா வந்தாவளா, கொள்ளி வச்சாவளா’ன்னு கேட்டுச்சு. ‘வந்தாரும்மா, எல்லாம் முறையா நடந்துச்சு’ன்னேன். அந்தக் குரலு எனக்கு மறக்கல. இங்கன வந்த முதல் நாளு, ‘மூச்சை மெதுவா விடுங்க’ன்னு நீங்க சொன்னீய பாருங்க. அதைக் கேட்டுத்தான் டீச்சர் பத்து நாளு என்னால கண்ணை மூட முடியாமப் போச்சு.

— மாமா வரலியா?

— தகனமேடை கேட் வரைக்கும் வந்தாரு. காரை விட்டு எறங்கல. அவரையும் தப்புச் சொல்ல மாட்டேன், அன்னைக்கு எல்லாருக்கும் உசுருப் பயம்.

— வருசா வருசம் திதிக்கு எங்க வீட்டுல நடுவுல உக்காந்து, ‘எங்க அக்காவுக்கு நான்தான் கொள்ளி வச்சேன்’னு சொல்லுதாவண்ணே. நான் அவிய கால்ல விழுந்து கும்பிடுதேன். அப்பம் எங்க அம்மைக்குக் கொள்ளி வச்சது யாரு?

— மக வார்டுல மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கெடக்கான்னு ஆம்புலன்ஸுக்காரன் சொன்னான். டேப்புல பேரை வாசிச்சேன். நெஞ்சுக்கு மேல சூடத்தைக் கொளுத்தி வச்சுட்டு, ‘ஆவுடைத்தாயி அம்மா, பயப்படாமப் போங்க, உங்க மக பொழச்சுக்கிடுவா’ன்னு சொன்னேன்.